தராசின் இரண்டு தட்டுகளையும் பாருங்கள்!

 

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் சாலை பிரிகின்ற இடத்தில், ஷிப்டு மாறும் நேரத்தில் ஏதாவது ஒரு டீக்கடை முன்பு கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் இளைஞர்களின் பேச்சு உங்கள் காதில் விழும். எங்கேயோ ஒரு முப்பது வயதுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார் என்று ஒரு செய்தி செல்போனில் வந்திருக்கும். "எல்லாம் அந்த ஊசி செய்த வேலை" என்பார் ஒருவர். "படித்தவன் பேசுகிற பேச்சா இது?" என்று சீறுவார் இன்னொருவர். பஸ் வந்ததும் இருவரும் ஏறிப் போய்விடுவார்கள். உண்மை மட்டும் டீக்கடை பெஞ்சிலேயே கிடக்கும்!

கொரோனா தடுப்பூசியால் விளைந்தது நன்மையா, தீமையா? இந்த விவாதம் நோய் ஓய்ந்த பிறகும் ஓயவில்லை. 2025 ஜூன், ஜூலையில் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் மாரடைப்பு மரணங்கள் அடுத்தடுத்து நடந்தபோது, அந்த மாநில முதலமைச்சர் சித்தராமையாவே தடுப்பூசியின் மீது சந்தேகத்தைக் கிளப்பினார். மத்திய சுகாதார அமைச்சகம் மறுத்தது. நம் ஊர் டீக்கடைகளிலும் சண்டை மறுபடி மூண்டது.

இதில் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. கொரோனா ஊசியின் மீது விழுந்த சந்தேகம், நாளை நம் குழந்தைக்குப் போட வேண்டிய தட்டம்மை ஊசியின் மீதும் விழும். அதன் விலையைக் கொடுக்கப் போவது தொட்டிலில் கிடக்கும் பச்சிளம் குழந்தை!

வதந்தியால் சுடப்பட்டவர்கள் நாம்

2020 மார்ச், ஏப்ரலை மறந்துவிட்டீர்களா? டெல்லி நிஜாமுத்தீனில் நடந்த தப்லீக் கூட்டத்தைக் காட்டி, கொரோனாவுக்கே தாடியும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். காய்கறி வண்டி தள்ளிய ஏழை முஸ்லிமைப் பெயர் கேட்டு விரட்டினார்கள். "எச்சில் துப்புகிறார்கள்" என்று பழைய வீடியோக்களைப் புதிதாகப் பரப்பினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த தப்லீக் சகோதரர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாக, 2020 ஆகஸ்ட் 21ல் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை அவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது கூறியது. அவர்களுக்கு இடம் கொடுத்ததாக 70 இந்தியர்கள் மீது போடப்பட்ட 16 வழக்குகளை டெல்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது 2025 ஜூலையில்! ஒரு பொய் ஒரே இரவில் நாடு முழுவதும் ஓடியது. அதைத் துரத்திப் பிடிக்க நீதிக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின.

சொந்த உறவினர்களே நெருங்க அஞ்சிய சடலங்களை, எந்த மதம் என்று கேளாமல் எடுத்து அடக்கம் செய்தவர்களும் தகனத்துக்குக் கொண்டு சேர்த்தவர்களும் இதே சமுதாயத்தின் இளைஞர்கள்தாம். பொய் எப்படிச் சுடும் என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? அந்த நாமே இன்று, ஆதாரம் எது என்று கேளாமல், "ஊசி போட்டவர்கள் எல்லாம் இரண்டு வருடத்தில் சாவார்கள்" என்ற செய்தியை நான்கு குரூப்புக்குத் தள்ளிவிடுகிறோம் என்றால், இதைவிட வெட்கக்கேடு உண்டா? வந்த செய்தியை விசாரித்துத் தெளியுங்கள் என்று நம் மார்க்கம் கட்டளையிட்டது பிறர் பரப்பும் பொய்க்கு மட்டும்தானா?

முதல் தட்டு: ஆபத்து

வியாபாரி சகோதரர்களே! அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்யாதே என்ற கட்டளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதே தராசை இங்கே தூக்குவோம். முதலில் ஆபத்தின் தட்டு. அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்பவரும் பொய் சொல்கிறார்.

நம் நாட்டில் பெரும்பாலானோருக்குப் போடப்பட்டது கோவிஷீல்டு. இது அஸ்ட்ராஜெனகா நிறுவனமும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் உருவாக்கி, புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த ஊசி. இந்த ஊசிக்கு மிக அரிதான, ஆனால் ஆபத்தான ஒரு பக்கவிளைவு உண்டு. இரத்தத்தில் தட்டணுக்கள் குறையும். அதே சமயம் மூளை, வயிறு போன்ற இடங்களில் இரத்தம் உறைந்து கட்டி நிற்கும். ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரல் 7 அன்றே இதை ஒப்புக்கொண்டு அறிவித்தது. அடுத்த மாதமே பிரிட்டன், 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேறு ஊசி கொடுங்கள் என்றது. அந்த வயதினருக்குக் கொரோனாவால் வரும் ஆபத்து குறைவு என்பதால் அவர்களின் கணக்கு வேறாக வந்தது.

இங்கே என்ன நடந்தது? தடுப்பூசிக்குப் பின் ஏற்பட்ட கடுமையான பாதிப்புகளில் 498ஐ ஆராய்ந்த தேசியக் குழு, கோவிஷீல்டு போட்டவர்களில் 26 பேருக்கு இரத்தக்கட்டு ஏற்பட்டிருக்கலாம் என்று கண்டது. 10 லட்சம் டோஸுக்கு 0.61 என்று 2021 மே 17ல் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. பிரிட்டனில் அது 4, ஜெர்மனியில் 10 என்றும் அதே அறிக்கை சொன்னது. நம் நாட்டில் எத்தனை பாதிப்புகள் பதிவேட்டுக்கே வராமல் போகின்றன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி! அப்படியானால் ஜெர்மனியின் 10ஐயே தட்டில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் கொள்ளுங்கள். இந்தப் பக்கவிளைவு ஊசி போட்ட சில வாரங்களுக்குள் தலைகாட்டிவிடும். மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து வந்த மாரடைப்பை இதன் கணக்கில் எழுத முடியாது. வளைகுடாவில் ஃபைசர் ஊசி போட்டுக்கொண்ட நம் பிள்ளைகளில் வாலிபர்களுக்கு இதயத் தசை வீக்கம் என்ற அரிய தொல்லை வருவதுண்டு. அதுவும் பெரும்பாலும் ஊசி போட்ட சில நாட்களிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலோர் குணமாகிவிடுகின்றனர்.

அப்படியானால் திடீர் மரணங்களுக்கு என்ன காரணம்? 18 முதல் 45 வயது வரையுள்ளவர்களின் திடீர் மரணங்களை நாடெங்கும் 47 பெரிய மருத்துவமனைகளின் வழியாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆராய்ந்தது. அது 2023ல் வெளியிட்ட முடிவு, தடுப்பூசி இந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்பதே. கடுமையான கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்தவர்கள், குடும்பத்தில் திடீர் மரணம் கண்டவர்கள், அளவு மீறிக் குடித்தவர்கள், போதைப்பொருள் பழகியவர்கள், பழக்கமில்லாமல் உடலைக் கடுமையாக வருத்தியவர்கள் என்று அது வேறு பட்டியலைக் காட்டியது. இளைஞர்களே, அந்தப் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

மறு தட்டு: உயிர்கள்

இனி மறு தட்டு. வெளிநாட்டுக் கணக்கு வேண்டாம். நம் தமிழகக் காவல்துறையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை வீசியபோது, சாலையில் நின்ற 1,17,524 போலீசாரைப் பற்றிய ஆய்வு அது. ஒரு டோஸ்கூடப் போடாதவர்கள் 17,059 பேர். அவர்களில் 20 பேர் இறந்தனர். ஒரு டோஸ் போட்டவர்கள் 32,792 பேர். இறந்தவர்கள் 7. இரண்டு டோஸும் போட்டவர்கள் 67,673 பேர். இறந்தவர்கள் 4.

கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற உங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊசி போடாதவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மேல் இறந்தார். இரண்டும் போட்டவர்களில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒருவர் இறந்தார். இதை 10 லட்சம் பேருக்கு விரித்துப் பாருங்கள். ஊசி போடாதவர் பக்கம் ஆயிரத்து நூற்றுக்கும் மேல். ஊசியால் வரும் இரத்தக்கட்டோ ஜெர்மனி கணக்கின்படியே 10! தராசு எந்தப் பக்கம் சாய்கிறது?

அந்தக் காலத்தில் செங்கல்பட்டு எப்படி இருந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். 2021 மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் போனது என்று உறவினர்கள் கதறினார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். அதே மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். ஒரகடம் ரெனோ நிஸான் ஆலையின் தொழிற்சங்கம் பாதுகாப்பு கேட்டு உயர்நீதிமன்றம் வரை போனது. அந்தத் தொழிலாளிகள் ஏன் போராடினார்கள்? உயிர் பயம்! அன்று ஊசிக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற நாம்தான் இன்று அது வெறும் ஏமாற்று என்று பேசுகிறோம்.

இந்தச் சந்தேகத்தை வளர்த்தது யார்?

ஆனால் சகோதரர்களே, குற்றம் முழுவதையும் டீக்கடைப் பேச்சின் மீது போட்டுவிட்டு அரசாங்கம் கைகழுவிக் கொள்ள நாம் விடமாட்டோம்.

2021 ஜனவரி 3ல், மூன்றாம் கட்டச் சோதனையின் பலன் தெரிவதற்கு முன்பே கோவாக்சினுக்கு அனுமதி கொடுத்தது யார்? பின்னால் அது பலன் தந்தது உண்மை. ஆனால் கணக்கைக் காட்டாமல் சரக்கை விற்றால் வாடிக்கையாளர் சந்தேகப்பட மாட்டாரா? 2020ல் கோவிஷீல்டு சோதனையில் கலந்துகொண்ட சென்னைக்காரர் ஒருவர், தன் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டதாகக் கூறி 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். சீரம் நிறுவனமோ 100 கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்போம் என்று அவரையே மிரட்டியது. அவருடைய நோய்க்கு ஊசி காரணமில்லை என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். இருக்கட்டும்! புகார் சொன்னவரை மிரட்டினால் அடுத்தவர் வாய் திறப்பாரா?

நடிகர் விவேக்கை நினைத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் 15ல் மக்களுக்குத் தைரியம் சொல்வதற்காகவே ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் மறைந்தார். தமிழகமே அதிர்ந்தது. ஊசியைப் பழித்துப் பேசிய நடிகர் மன்சூர் அலிகான் மீது வழக்குப் பாய்ந்தது. தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு உயர்நீதிமன்றம் முன்ஜாமீன் கொடுத்தது. விவேக்கின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழுவின் முடிவு வெளியானது எப்போது? அக்டோபரில்! வழக்குப் போட சில நாட்கள். விளக்கம் சொல்ல ஆறு மாதங்கள். அந்த ஆறு மாத இடைவெளியில்தான் வதந்தி பயிராகி விளைந்தது.

அடுத்து வந்தது கட்டாயம். ஊசி போட்டவர்களை மட்டும் கடைக்குள் விட வேண்டும் என்று 2021 நவம்பரில் தமிழக சுகாதாரத் துறை உத்தரவிட்டது. டிசம்பரில் மதுரை ஆட்சியர் கெடு விதித்தார். நோய்க்கும் ஊரடங்குக்கும் தப்பி அப்போதுதான் கடையைத் திறந்திருந்த வியாபாரி, வாசலில் நின்று சர்டிபிகேட் பார்க்கும் காவலாளியும் ஆனார். 2022 மே 2ல் உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஊசி போட்டுக்கொள்ளும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆயினும் அரசின் தடுப்பூசிக் கொள்கை தவறானதல்ல. பக்கவிளைவு விவரங்களை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். டீக்கடையில் சண்டையிடும் இரு தரப்பும் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. ஒரு தரப்பு முதல் வரியை மட்டும் படிக்கிறது. மறு தரப்பு இரண்டாவதை மட்டும் படிக்கிறது. அரசாங்கம் மூன்றாவதைப் படித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை!

அதே ஆண்டு நவம்பரில், ஊசியால் மரணம் நேர்ந்ததாகச் சொல்லி வந்த பெற்றோரின் வழக்கில் மத்திய அரசு என்ன சொன்னது தெரியுமா? அரசு பொறுப்பல்ல, இழப்பீடு வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்றது. பிரிட்டனில் ஊசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு 1,20,000 பவுண்டு கொடுக்க ஒரு திட்டம் இருக்கிறது. ஊர் நன்மைக்காகக் கையை நீட்டியவருக்குப் பத்து லட்சத்தில் ஒருவராகத் தீங்கு வந்தால், அந்தச் சுமையை ஊர் சுமக்க வேண்டாமா? ஊசியால் காப்பாற்றப்பட்ட நாம் எல்லோரும் அந்தக் குடும்பத்துக்குக் கடன்பட்டவர்கள் இல்லையா?

பன்றியும் கன்றுக்குட்டியும்

ஊசியில் பன்றிக் கொழுப்பு இருக்கிறது என்று நம்மிடம் ஒரு வதந்தி. கோவாக்சினில் கன்றுக்குட்டியின் இரத்தம் இருக்கிறது என்று 2021 ஜூனில் பிற சமூகத்தாரிடம் ஒரு வதந்தி. 1857ன் தோட்டாக் கொழுப்புக் கதை மறுபடி வந்ததோ என்று தோன்றியது. கன்றுக்குட்டியின் இரத்தநீர் கிருமியை வளர்க்கும் செல்களுக்கு மட்டுமே பயன்படுகிறது, பின்னர் கழுவி நீக்கப்படுகிறது, ஊசி மருந்தில் அது இல்லை என்று அமைச்சகம் விளக்கியது.

இந்தோனேசியாவைப் பாருங்கள். அங்குள்ள உலமா சபை 2021 ஜனவரியில் சீனாவின் சினோவாக் ஊசியை ஹலால் என்றது. மார்ச்சில் அஸ்ட்ராஜெனகா ஊசியைப் பற்றி, தயாரிப்பின்போது பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டதாகச் சொன்னது. நிறுவனம் மறுத்தது. ஆனாலும் உயிர்காக்கும் நிர்ப்பந்தத்தை முன்னிட்டு அதைப் போட்டுக்கொள்ளலாம் என்றே அந்தச் சபை முடிவு கூறியது. எதையும் மூடி மறைக்கவில்லை. கேள்வியையும் பதிலையும் மக்கள் முன் வைத்தார்கள். மக்கள் நம்பினார்கள். நம் அரசாங்கம் கற்க வேண்டிய பாடம் இதுதான்!

திருமணியில் பூட்டிக் கிடந்த ஆலை

இன்னொரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில், செங்கல்பட்டு திருமணியில் மத்திய அரசு நிறுவனமான ஹெச்.எல்.எல். பயோடெக் கட்டிய தடுப்பூசி வளாகம் இருக்கிறது. நூறு ஏக்கர் நிலம். சுமார் 700 கோடி ரூபாய் செலவு. நாடே ஊசிக்கு அலைந்த 2021ல் அங்கிருந்து ஒரு டோஸ்கூட வெளிவரவில்லை! தமிழக அரசு மூன்றரைக் கோடி டோஸுக்கு உலக டெண்டர் விட்டது. எவரும் வரவில்லை. மே 25ல் முதலமைச்சர் ஸ்டாலின் அந்த வளாகத்தை நேரில் பார்வையிட்டார். தமிழகத்திடம் ஒப்படையுங்கள் என்று பிரதமருக்கும் எழுதினார்.

இது ஒரு நாளில் வந்த வினையல்ல. 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி ஆய்வு நிலையம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் தடுப்பூசி உற்பத்தி உரிமங்கள் நிறுத்தப்பட்டன. 2010ல்தான் தடை நீங்கியது. சொந்தக் கடையை அரசே பூட்டியது; பிறகு தனியார் சொன்ன விலைக்கு நின்றது. 2021 மேயில் ஒரே கோவிஷீல்டு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300, தனியார் மருத்துவமனைக்கு 600! எந்தச் சந்தையில் உண்டு இந்த நியாயம்? கடும் எதிர்ப்புக்குப் பிறகே ஜூன் 21 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் இலவசம் என்று வந்தது.

நாம் கேட்பதும் செய்வதும்

நாம் கேட்பது இவைதான். ஒவ்வொரு பக்கவிளைவுப் புகாரும் எந்த மாவட்டம், என்ன முடிவு என்று, ஆளின் பெயர் இல்லாமல், தமிழிலேயே வெளியாக வேண்டும். பாதிக்கப்பட்டவர் கோர்ட் படியேறாமல் இழப்பீடு பெற வழி வேண்டும். எந்தத் தீர்ப்பும் திட்டமும் கடைசிக் குடும்பத்தின் கையில் பணமாகச் சேரும்வரை இந்தக் கோரிக்கை ஓயக்கூடாது. திருமணி வளாகம் மக்களின் சொத்து. அது மக்களுக்காக ஊசி தயாரிக்க வேண்டும். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் ஒரகடத்தின் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் பிடிக்கப்படக் கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மலப்புரத்தை மறவாதீர்கள். 2015, 2016ல் அங்கே தடுப்பூசி போடாத பிள்ளைகள் டிப்தீரியாவுக்குப் பலியானார்கள். நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் அவர்கள்! ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை ஒரு நாள் அழைக்கட்டும். தாய்மார்கள் பயமில்லாமல் கேள்வி கேட்கட்டும். பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் குரூப்பில் போடாமல் அதே சுகாதார நிலையத்தில் எழுத்தில் பதிவு செய்யுங்கள். பதிவான புகாரை மறைப்பது கடினம். காற்றில் விட்ட வதந்தியை யாரும் ஆராய மாட்டார்கள்.

இளைஞனே! அடுத்த முறை அந்த டீக்கடையில் பேச்சு எழுந்தால் பஸ் வரும்வரை சும்மா நிற்காதே. இரண்டு தட்டுகளையும் தூக்கிக் காட்டு. ஆபத்தைச் சொல், அதன் அளவையும் சொல். நன்மையைச் சொல், அரசின் குற்றத்தையும் சேர்த்துச் சொல். பொய்யால் சுடப்பட்ட சமுதாயம் உண்மையின் பக்கம் நிற்கிறது என்று இந்த ஊர் சொல்லட்டும்.

சிந்திப்போம்! செயல்படுவோம், இன்ஷா அல்லாஹ்!